பாய்லரம்மனிடம் பூக் கேட்ட வெள்ளிக்கிழமை

மேட்டூர் அணை கட்டி முடிந்ததும் எங்கள் பக்கத்தில் இஞ்சினியர்கள் பெருகிவிட்டார்கள். அங்கே கல் உடைத்தவன், காரை சுமந்தவன், துரைக்குக் குடை பிடித்தவன் எல்லோரும் ஆளுக்கொரு காக்கி அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அத்தனை பெரிய அணையையே கட்டியாயிற்று, இனி நமக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற தோரணை ஒவ்வொருவன் நடையிலும் இருந்தது. என் சிநேகிதனும் அப்படி வந்து இறங்கியவன்தான். அவன் மற்றவர்களைவிட ஒரு படி மேல். இடுப்பில் ஒரு ஸ்பேனர் செருகியிருந்தான். முதுகு சொறிவதைத் தவிர வேறு எதற்கும் அவன் அதைப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

அவனும் நானும் ஒரே ஊர், ஒரே வயது. உறவு முறையில் பங்காளி. ஆகவே என்னைப் பெயர் சொல்லாமல் பங்காளி என்றுதான் கூப்பிடுவான். மேட்டூரில் நீராவி இஞ்சினை ஓட்டியவன் தான்தான் என்று சொல்லிக்கொண்டான். யார் வீட்டிலாவது அடுப்பு புகைந்தால் போதும், பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்து, "டிராப்ட் பத்தலீங்க, காத்து இழுக்கல" என்பான். ஊர் வாயைப் பிளந்து கேட்டது. எனக்கும் இஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் சந்தேகப்படும் அளவுக்குப் படித்திருந்தேன்.

நான் அப்போது சங்ககிரியில் ரிஜிஸ்தரார் ஆபீஸ் வாசலில், ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று பெயர். என் பேனா வழியாக எத்தனையோ பேருடைய நிலம் எத்தனையோ பேருக்குப் போயிருக்கிறது. இப்படிப்பட்ட மகா உத்தியோகஸ்தனுக்கு மாமன் மகள் கிடைப்பதில் தடையே இருக்காது என்று நான் நினைத்திருந்ததில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் பிறந்த நாளிலிருந்து எனக்கு என்றுதான் பேச்சு. முறை என்றால் அப்படித்தான். சீர் வரிசைக்குப் போகும்போதெல்லாம் என் அம்மா அவள் தலையில் பூ வைத்துவிட்டுத்தான் வருவாள்.

மாமாவின் எண்ணம் வேறாகப் போனது. பருத்தி விலை விழுந்த காலம் அது. கொட்டை எடுக்கிற அரவை மில்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. எல்லோரும் விட்டுவிட்டு ஓடுகிற தொழிலில் இறங்குவதுதான் சாமர்த்தியம் என்று மாமாவுக்கு யாரோ ஓதிவிட்டார்கள். சங்ககிரி ரயிலடியிலிருந்து இரண்டு மூன்று மைல் தள்ளி ஒரு மில் சும்மா கிடந்தது. அதை வாங்க வேண்டும். வாங்குவதற்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு கிணற்றுத் தோட்டம். அதை விற்க வேண்டும். மில்லை ஓட்ட இஞ்சின் தெரிந்த மாப்பிள்ளை வேண்டும்.

"பத்திரம் எழுதறவன் மரத்துக்கு ஒருத்தன் உக்காந்திருக்கறான். இஞ்சின் ஓட்டறவன் எங்கீங்கக்கா கெடைப்பான்?" என்று என் அம்மாவிடமே கேட்டுவிட்டு, பெண்ணை என் சிநேகிதனுக்குப் பேசி முடித்தார். அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காவது நாள் பேசிவிட்டாள், தம்பியாயிற்றே.

நான் "நல்லா இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன். இவனைப் போலப் பெருந்தன்மை யாருக்கு வரும் என்று ஊர் பேசிக்கொண்டது என் காதுக்கு வந்தது. பெண் போனாலும் பேச்சு நன்றாக இருந்தது. அதையே நாலு பேர் திரும்பச் சொல்லட்டும் என்று கடைத்தெருவில் இரண்டு தடவை கூடுதலாக நடந்தேன்.

தோட்டத்தை வாங்குகிறவர் தயாராக இருந்தார். ஆனால் மாமா ஒன்றும் ஏமாந்தவர் இல்லை, அவர் அபிப்பிராயப்படி. மில்லின் உயிர் பாய்லரில் இருக்கிறது, அதைச் சோதிக்காமல் ஒரு காணி நிலத்தையும் விடமாட்டேன் என்றார். சோதிக்கிற பொறுப்பு மாப்பிள்ளை இஞ்சினியருக்கு. "நீயும் கூடப் போயிட்டு வா மாப்ளே, நாலெழுத்துப் படிச்சவன்" என்று என்னையும் அனுப்பினார். பாய்லர் நன்றாக இருக்கிறது என்று நாங்கள் வந்து சொன்னால் அன்று சாயங்காலமே கிரயப் பத்திரத்துக்கு நகல் எழுதிவிட வேண்டும். எழுதப்போவது யார்? நான்தான். வீட்டிலேயே ஒரு பத்திரக்காரன் இருக்கும்போது வெளியாளை எதற்குக் கூப்பிட வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினோம். வழியெல்லாம் அவன் ஸ்டீம் என்றும் கேஜ் என்றும் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தான். புகைபோக்கி தூரத்திலேயே தெரிந்தது. அதன் உச்சியில் ஒரு அரசங்கன்று முளைத்திருந்தது. "டிராப்ட் நல்லா இருக்கும்" என்றான்.

மில் வாசலில் கேட் இல்லை. கேட் இருந்த தூண்கள் இருந்தன. உத்தரவு இல்லாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று எழுதிய பலகையின் காலில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. நாங்கள் ஆட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனோம்.

கொட்டை எடுக்கிற கூடத்தில் தகரக் கூரை பாதிக்கு மேல் போய்விட்டது. தரையின் வெடிப்புகளில் சிதறிக் கிடந்த பருத்திக்கொட்டைகள் எந்தக் காலத்து மழையிலோ முளைத்து, இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து, காய் வெடித்துப் பஞ்சு தொங்கியது. வெளியே காட்டில் அந்த வருஷம் மழை இல்லாமல் பருத்தி கருகிப் போயிருந்தது. மில்லுக்குள்ளே விளைச்சல் அமோகம். அரவை இயந்திரங்களின் உருளைகளில் எலி கூடு வைத்திருந்தது. தோல் பட்டைகளை யாரோ செருப்புக்கு வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு மூலையில் மூட்டை நிறுக்கிற எடைமேடை இருந்தது. சிநேகிதன் அதில் ஏறி நின்றான். முள் அசையவில்லை. நானும் ஏறினேன், அப்போதும் அசையவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே கனம் என்று அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாக நிரூபணம் ஆயிற்று.

"மிஷினெல்லாம் மேலுக்குத்தான் பங்காளி இப்பிடி. எண்ணெய் போட்டாச் சரியாப் போவும். சமாச்சாரம் பாய்லர்ல இருக்குது" என்றான். ஸ்பேனரை இடுப்பிலிருந்து உருவிக் கையில் பிடித்துக்கொண்டான்.

பாய்லர் அறைக்குள் நுழைந்ததும் இரண்டு பேரும் நின்றுவிட்டோம். அங்கே துரு வாடை இல்லை, விபூதி வாடை. சாணம் மெழுகின தரையில் மாக்கோலம். நடுவில், செங்கல் மேடையின் மேல், கன்னங்கரேல் என்று பளபளத்துக்கொண்டு பாய்லர் படுத்திருந்தது. அதன் நெற்றியில் மஞ்சள், குங்குமம், பெரிய பொட்டு. நெருப்பு போடுகிற கதவின் மேல் சிவப்புச் சேலை கட்டியிருந்தது. தலைக்கு மேலே இருந்த குழாயில் எலுமிச்சை மாலை தொங்கியது.

"செருப்பக் கழட்டிப்போட்டு வாங்க சாமி" என்று ஒரு குரல் கேட்டது. மில் ஓடின காலத்தில் அடுப்புக்கு விறகு போட்டவர் அவர். மில் மூடினபோது எல்லோரும் போய்விட்டார்கள், இவர் போகவில்லை. மேலே கம்பெனியின் காக்கிச் சட்டை, கீழே மஞ்சள் வேட்டி. உத்தியோகம் மாறவில்லை, பெயர் மட்டும் பூசாரி என்று ஆகியிருந்தது.

கதையை அவரே சொன்னார். ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் இங்கே கிடா வெட்டுவார்களாம். ஒரு வருஷம் மேனேஜர் சிக்கனம் பார்த்துப் பூசணிக்காய் உடைத்தாராம். மறு மாதமே ஆவி பீறிட்டு இரண்டு பேருக்கு வெந்துபோயிற்றாம். அதற்கப்புறம் மில்லே படுத்துவிட்டது. சுற்று வட்டாரத்துச் சனங்கள் அம்மாவின் கோபத்தைப் புரிந்துகொண்டார்கள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் விளக்கெண்ணெய்க் காப்பு, அமாவாசைக்குத் தண்ணீர் அபிஷேகம். பிள்ளை இல்லாதவர்கள் குடம் குடமாக ஊற்றுகிறார்களாம்.

நீராவி இஞ்சின் ஓட்டிய என் சிநேகிதன் என்ன செய்தான்? ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பிறகு நினைவு வந்தவன் போலப் பாய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். கையால் தடவிப் பார்த்தான். ஏழெட்டு வருஷமாக வாரம் தவறாமல் எண்ணெய் தடவிய இரும்பு. சங்ககிரி வட்டாரத்துக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு அவ்வளவு எண்ணெய் கிடைத்திருக்காது. ஒரு புள்ளி துரு இல்லை. "புதுசு கெட்டுது போ" என்றான் என்னிடம். சொல்லும்போதே அவன் முகம் மலர்ந்துவிட்டது. அவனுக்குக் காடு இல்லை, தோட்டம் இல்லை, கூடப் பிறந்தவர்கள் நாலு பேர். இந்த இரும்பு நன்றாக இருந்தால் அவனுக்கு ஒரு மில், ஒரு வீடு, ஒரு பெண். அப்படிப் பார்த்தால் அவன் கும்பிட்டதில் தப்பே இல்லை.

"உள்ளயும் ஒருக்கா பாத்துப்போடலாமுங்களா? கதவத் தொறந்தாப் போதும்" என்று பூசாரியைக் கேட்டான்.

"மாசி நோம்பிக்குத்தான் கதவு தொறக்கறதுங்க சாமி. இடையில தொறந்தா அம்மாவுக்கு ஆவாது."

"மில்லு வாங்கப் போறவுங்க அனுப்பிச்சிருக்கறாங்க. நல்லா இருக்குதான்னு தெரியோணுமுங்க."

"அதுக்கென்னத்துக்குங்க கதவு? பூக் கேட்டுப்போட்டாத் தெரிஞ்சுபோவுது."

எங்கள் பக்கத்தில் பெண் எடுக்க, கிணறு வெட்ட, வழக்குப் போட, எல்லாவற்றுக்கும் சாமியிடம் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் மடித்துச் சன்னதியில் போட வேண்டும். விவரம் தெரியாத ஒரு கை அதில் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. ஒரு பாய்லரின் ஆரோக்கியத்தைப் பாய்லரிடமே இப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பது மேட்டூரில் அத்தனை துரைகளுக்கும் தோன்றாமல் போன யோசனை. என் சிநேகிதன் உடனே சரி என்றான்.

கல்யாணம் பேசி முடிக்காத கையாக இருக்க வேண்டும் என்றார் பூசாரி. அவனுக்குப் பேசியாயிற்று. எனக்கு இருந்ததும் போயாயிற்று. ஆகவே நான் எடுத்தேன். பூசாரி மடிப்பைப் பிரித்தார். வெள்ளை அரளி.

"அம்மா பளிச்சுன்னு குடுத்துட்டாங்க" என்றார். சிநேகிதன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

இரண்டு பேரும் தேங்காய் உடைக்க உட்கார்ந்தார்கள். எனக்குச் சாம்பிராணிப் புகை ஒத்துக்கொள்ளாது. மேடையின் பின்பக்கமாகப் போனேன். முன்பக்கம்தான் சன்னதி. பின்பக்கம் எந்தச் சாமிக்கும் யாரும் எண்ணெய் தடவுவதில்லை. அங்கே புகை போகிற பெட்டியின் மூடி ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டதும் கழன்று கையோடு வந்தது. உள்ளே தோள்வரை கையை விட்டேன். வரிசையாகக் குழாய்கள் இருந்தன. ஒன்றைப் பிடித்தேன், அப்பளம் போல நொறுங்கியது. அடுத்ததும் நொறுங்கியது. அமாவாசைக்கு அமாவாசை குடம் குடமாக ஊற்றிய தண்ணீர் அடியில் சேறாக நின்றது. வெளியே எடுத்தபோது என் கை முழங்கைக்கு மேல்வரை சிவப்பாக இருந்தது.

அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டிப் பார்த்தான். அவனும் ஒரு கைப்பிடி அள்ளினான். வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மூடியைத் தூக்கிப் பழையபடி சாத்தினான்.

திரும்பும்போது பாதி வழிவரை ஸ்டீம் இல்லை, கேஜ் இல்லை. ஒரு பனங்காட்டைத் தாண்டுகிறபோது சொன்னான்:

"பங்காளி, நான் மேட்டூர்ல இஞ்சின் ஓட்டலடா. இஞ்சின் ஓட்டறவனுக்குத் தண்ணி கொண்டுபோய்க் குடுத்தேன்."

"தெரியும்" என்றேன். எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்னால் உயரமாக இருக்கும் என்று சொன்னேன்.

"மாமங்கிட்டச் சொல்லிப்போடாத. குழாய் மாத்திக்கலாம். எப்பிடியாச்சும் ஓட்டிப்போடுவேன். சொல்லிட்டீன்னா எனக்கு ஒண்ணுமில்ல பாத்துக்க."

"நான் எதுக்குச் சொல்றேன்? இஞ்சினியர் நீ."

அந்த இரண்டு மைலில் நான் நினைத்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். நான் வாயைத் திறந்தால், பெண் கிடைக்காத வயிற்றெரிச்சலில் சொல்கிறான் என்பார்கள். என் பெருந்தன்மை பாழாகிவிடும். இது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். இதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. தோட்டம் போகட்டும். மில் ஓடாமல் கிடக்கட்டும். இஞ்சின் மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு மாமா நடுத்தெருவில் நிற்கட்டும். அப்போது நான் போய், ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணும் அதே தெருவில்தான் நிற்பாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை.

வெயில் தாழ்கிற நேரத்துக்கு மாமா வீட்டை அடைந்தோம். கைகால் கழுவிக்கொண்டு வாசலில் பாய் போட்டு உட்கார்ந்தோம். மாமா கயிற்றுக் கட்டிலில் இருந்தார். வெற்றிலைத் தட்டு, மோர், எனக்கு மட்டும் ஒரு சாய்வுப் பலகையும் காகிதமும். எல்லாம் முன்னாடியே தயார்.

"எப்பிடீங்க மாப்ளே?" என்று அவனைக் கேட்டார்.

அவன் மோரைக் குடித்தான். "வெளிய நல்லா இருக்குதுங்க மாமா. துருவே இல்லீங்க. பூக் கூடக் கேட்டமுங்க, வெள்ளை குடுத்துச்சுங்க" என்றான். அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை.

மாமா என்னைப் பார்த்தார். "நீயும் பாத்தயில்ல?"

"இஞ்சினப் பத்தி எனக்கென்னங்க மாமா தெரியும்" என்றேன். நானும் ஒரு பொய் சொல்லவில்லை. பத்திரம் எழுதுகிறவனுக்கு அந்த வித்தை கைவந்தது.

"அப்பறமென்ன, எழுது" என்றார்.

எழுத ஆரம்பித்தேன். கிரய சாசனம் என்னவென்றால் என்று தொடங்கி, தோட்டத்துக்கு நாலு எல்லையும் போட்டேன். வடக்கே கற்றாழை வேலி, தெற்கே வண்டித்தடம். சின்ன வயதில் அந்த வேலி ஓரமெல்லாம் ஓடியிருக்கிறேன். எழுத்து எப்போதையும்விட அழகாக வந்தது. கிணற்றுக்கும் தொட்டிக்கும் வந்து, மாமரங்களை எண்ணி எழுதிக்கொண்டிருந்தேன்.

"எழுதாத பங்காளி" என்றான் அவன்.

நான் நிமிர்ந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"பாய்லரு உள்ள பூராவும் போயிருச்சுங்க மாமா. புடிச்சாக் கையோட வருது. எனக்கு இஞ்சின் ஓட்டவும் தெரியாதுங்க. தண்ணி கொண்டுபோய்க் குடுத்தவனுங்க நான். தோட்டத்தக் குடுத்துப்போடாதீங்க."

மாமா வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு பேச ஆரம்பித்தார். அவன் அப்பனில் தொடங்கி மேட்டூர் வரை எதையும் விட்டுவைக்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டான். பங்காளியும் கூடத்தான் பார்த்தான் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் வசவில் பாதி எனக்கு வந்திருக்கும். மோர்ச் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனான். ஸ்பேனரை எடுத்துக்கொள்ளவில்லை.

அவன் தலை மறைந்ததும் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னையப் போயி வேண்டாம்ன்னனே மாப்ளே" என்று கண் கலங்கினார். தையிலேயே எனக்கும் மாமன் மகளுக்கும் கல்யாணம் நடந்தது. அடக்கமான பையன், பொறுத்தான், கிடைத்தது என்று ஊர் சொன்னது. என் சிநேகிதன் அதற்குள் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போய்விட்டு, அங்கும் பிடிக்காமல் திரும்பி வந்து, திருச்செங்கோட்டுப் பக்கம் யாருடைய தோட்டத்திலோ மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டினான்.

தோட்டம் விற்காமல் மாமாவிடமே இருந்தது. அவருக்கு வேறு வாரிசு இல்லாததால் கடைசியில் எங்களிடம் வந்தது. எங்கள் கைக்கு வந்த முதல் வருஷம் நிலக்கடலை நன்றாக விளைந்திருந்தது. காய்ந்த கடலையில் முதல் மூட்டையைத் தைத்துத் தனியாக வைத்தாள் என் மனைவி. யாருக்கு என்று கேட்டேன். என் சிநேகிதன் பெயரைச் சொன்னாள்.

"அவனுக்கெதுக்கு?"

"இந்தக் காடு மிஞ்சுனது அவுங்களாலதானுங்க."

"ஏன், நான் ஒண்ணும் பண்ணலையா?" என்று கேட்டுவைத்தேன். அத்தனை வருஷமாக ஊர் தந்த பட்டங்களில் எனக்குக் கொஞ்சம் தலை கனத்திருந்தது.

அவள் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தாள். கோபமாகவெல்லாம் இல்லை, மழை வருமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். "அன்னைக்குக் கை கழுவ உங்களுக்குத் தண்ணி ஊத்துனது நானுங்க. ஊத்த ஊத்தச் செவப்பாப் போச்சு. முழங்கைக்கு மேல வரைக்கும் துரு. பாக்காதவுங்க கையில அத்தன துரு எப்பிடி வருமுங்க? அப்பறம் அந்தக் கையிலதான எழுத உக்காந்தீங்க."

வாழ்க்கை முழுக்க வார்த்தையை விற்றுச் சாப்பிட்டவன் நான். அன்றைக்கு எனக்கு அகப்பட்டது இந்த ஒரு கேள்விதான்: "அவ்வளவும் தெரிஞ்சு, என்னை எதுக்குக் கட்டிக்கிட்டே?"

அவள் நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள்.

"என்னைய ஆருங்க கேட்டாங்க?" என்றாள்.